சீக்குக் கோழிக்கு என்ன செய்யலாம், எப்போது வலியில்லாமல் வழியனுப்பலாம்: கேள்வி பதில்

அரசுக் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கோழியைப் பிடித்துக் கொடுத்தும், வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கறிக்கும் முட்டைக்கும் இல்லாமல், பேர் வைத்துப் பாசமாக வளர்க்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

திருப்பூரிலிருந்து: அக்கா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா மேஞ்சுது. இன்னிக்கு மூலையில உக்காந்து தூங்கி விழுது. முதல்ல என்ன பண்ணணும்?

நேற்று வரை நன்றாக இருந்திருக்காது தம்பி. மற்றதுகள் கொத்தும், பருந்து கண் வைக்கும் என்று கோழி நோயைக் கடைசிவரை மறைத்துவைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதி தூரம் போயிருக்கும். அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

முதலில் தனியாகப் பிரித்து ஓர் அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து வையுங்கள். இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒடுங்கி இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஒரு குண்டு பல்பு போடுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் நேர்மாறு: நிழல், ஈரச்சாக்கு, காற்று.

அடுத்தது தண்ணீர். ஓஆர்எஸ் கரைசல் போதும். வாயைத் திறந்து ஊற்றிவிடாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தலையைத் தூக்கி விழுங்கட்டும், பிறகு அடுத்த சொட்டு. தீனி கடைசியில்தான். உடம்பு சூடாகாமல், தண்ணீர் சேராமல் கூழ் புகட்டினால் செரிக்காமல் இரைப்பையிலேயே புளித்துப்போகும்.

பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கித்தான் அது மூச்சு விடுகிறது. பாசத்தில் அணைத்தே மூச்சை அடைத்துவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து: வெள்ளையும் பச்சையுமா கழிஞ்சுது. இப்ப கழுத்து திருகிக்கிச்சு, வானத்தைப் பார்க்குது. பொழைக்குமா?

சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். வைரஸ் நோய், அதைக் கொல்லும் மருந்து கிடையாது. டாக்டர் கொடுக்கும் ஆன்டிபயாடிக் கூடவே வரும் மற்ற கிருமிகளுக்குத்தான். சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். கொஞ்சமாக உருட்டிக் கொடுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.

கழிச்சலைத் தாண்டி கழுத்து மட்டும் திருகி நிற்கிற கோழி சில சமயம் பிழைத்துக்கொள்ளும். கழுத்து முழுசாக நேராகாமல் போகலாம். தரையில் சிந்திய கம்பை அதனால் குறிபார்த்துக் கொத்த முடியாது. ஆழமான கிண்ணத்தில் கம்பங்கூழ் வைத்து, தலையை மெல்லத் தாங்கிப் பிடித்தால் தானே குடிக்கும். பயந்தால் திருகல் கூடும், அதனால் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். விழுங்குகிறது, எழுந்து நிற்கிறது என்றால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம். தொடும்போதெல்லாம் உருண்டு புரண்டு அடித்துக்கொள்கிறது, விழுங்கவும் இல்லை என்றால் கீழே விருதுநகர் கேள்விக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டியபடி படுத்திருந்தால் அது வேறு, மாரெக்ஸ் என்கிற இன்னொரு வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் இல்லை.

மற்ற கோழிகள் இருந்தால் அவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு நோயாளியிடம் கடைசியாகப் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், வெள்ளைக்கழிச்சல் வைரஸால் நமக்கும் கண் சிவக்கும். அடுத்த குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அரசே இலவச முகாம் நடத்துகிறது, பொதுவாகப் பிப்ரவரியில்.

கடலூரிலிருந்து: வலிக்குதுனு நாம போடுற மாத்திரையைக் கால்வாசி கொடுக்கலாமா?

வேண்டாம். கோழிக்கு ஏற்ற வலி மருந்து டாக்டரிடம் இருக்கிறது, எடை போட்டு அளவு சொல்வார். மருந்து ஓடும் நாட்களில் இடும் முட்டையைச் சாப்பிடாதீர்கள். எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள்.

கோவையிலிருந்து: பெட்டை வாலை இறக்கிக்கிட்டு முக்குது, முட்டை வரல.

வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்புவரை பதினைந்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள். துடைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். முட்டை வராவிட்டால் அன்றைக்கே டாக்டர். உள்ளே அமுக்கி உடைத்துவிடாதீர்கள், ஓடு கிழித்தால் காப்பாற்றுவது கடினம்.

அடிவயிறு தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்தால் முட்டை தடம் மாறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் வைத்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்காக உருவாக்கிய பண்ணை இனங்களில் இரண்டு வயதுக்கு மேல் சினைப்பைப் புற்று நிறையவே வரும். டாக்டர் நீரை எடுத்துவிட்டால் மூச்சு லேசாகும், மறுபடி சேரும். எத்தனை நாளில் சேர்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வருவதை டாக்டரிடம் சொன்னால் அவரும் ஒளிக்காமல் பேசுவார்.

சென்னையிலிருந்து: பையன் தெருவில கலர் குஞ்சு வாங்கினான். இப்ப வெள்ளையா பெருசா ஆயிடுச்சு, நிக்கவே முடியல. அவனோடதான் டிவி பார்க்கும். என்ன பண்றது?

அது பிராய்லர் குஞ்சாக இருந்திருக்கும். ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டி வளரும்படி உருவாக்கிய இனம். நெஞ்சுச் சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காது. நீங்கள் வளர்த்ததில் குறை இல்லை அம்மா. தீனியை அளந்து வையுங்கள். பஞ்சுபோல விரிப்புப் போட்டு, நெஞ்சடியில் புண் வருகிறதா என்று தினமும் புரட்டிப் பாருங்கள். எச்சம் ஒட்டினால் கழுவி உலர்த்துங்கள், ஈரமாக விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

தவழ்ந்தாவது தட்டுக்கு வந்து, பையனைப் பார்த்ததும் குரல் கொடுக்கும்வரை வைத்திருக்கலாம். கொண்டை நீலம் பாய்ந்து, படுத்தபடியே வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் இதயம் தளர்ந்துவிட்டது. அதற்கு மேல் இழுப்பது அதற்குக் கொடுமை.

விருதுநகரிலிருந்து: நேரம் வந்துடுச்சுனு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நான் சீக்கிரமா முடிவெடுத்துட்டா பாவமில்லையா?

எல்லோரும் கேட்கப் பயந்துகொண்டே கேட்கிற கேள்வி இதுதான். உங்கள் துக்கத்தை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டுக் கோழியை மட்டும் பாருங்கள். தானாகக் கொத்துகிறதா? தண்ணீர் குடித்துத் தலையைத் தூக்குகிறதா? வெயில் பட்டால் இறக்கையை விரிக்கிறதா? மண்ணைக் காட்டினால் குளிக்க ஆசைப்படுகிறதா? அலகால் இறகைக் கோதுகிறதா? கோழி கோழியாக இருப்பது இவற்றில்தான். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி போட்டு வாருங்கள். கெட்டது தொடர்ந்து முந்தினால், நீங்கள் புகட்டுவது மட்டுமே அதை உயிரோடு வைத்திருந்தால், நேரம் வந்துவிட்டது.

மருந்தகத்துக்கு வந்தவர்களில் "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று அழுதவர்கள்தான் அதிகம். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தி, கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிற கோழியை இன்னும் ஒரு ராத்திரி வைத்திருப்பது நமக்காகத்தான், அதற்காக இல்லை. பாவம் எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

சேலத்திலிருந்து: டாக்டர் "கோழிதானே, அறுத்துடுங்க"ன்றார். மாமியாரும் சாகறதுக்குள்ள குழம்பு வெச்சுடலாம்ன்றாங்க.

குழம்பு கூடவே கூடாது. நோய்ப்பட்டது, மருந்து ஏறியது, உடம்புக்கு ஆகாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அந்தக் காரணத்தை அவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

டாக்டர் நாள் முழுக்க மாட்டையும் ஆட்டையும் பார்ப்பவர், கோழியைச் செல்லமாக நினைத்துப் பழகியிருக்க மாட்டார். கோபப்படாமல், "இது வீட்டுப் பிள்ளை சார், வலியில்லாமல் போகணும்" என்று கேளுங்கள், பலர் இறங்கி வருவார்கள். இல்லையென்றால் நாய், பூனை பார்க்கும் கிளினிக்கில் கேளுங்கள், அல்லது வேப்பேரி, நாமக்கல் போலக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்தும் வழி கேட்கலாம். முதலில் மயக்கம், உணர்வு போன பிறகு உயிரை நிறுத்தும் மருந்து. "மயக்கம் கொடுத்துவிட்டுத்தானே?" என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். முடிந்த பிறகும் இறக்கை சில நொடி அடிக்கலாம். அது நரம்பின் துடிப்பு, வலி இல்லை.

தூக்க மாத்திரை, தண்ணீரில் அமுக்குவது, ஃப்ரீசர், புதர்ப்பக்கம் விட்டுவிட்டு வருவது எதுவும் வேண்டாம், எல்லாமே சித்திரவதை. டாக்டரே கிடைக்காத ஊரில் கோழி மூச்சுக்குத் திணறினால், கைப்பழக்கம் உள்ள பெரியவர் ஒருவர் ஒரே இழுப்பில் கழுத்தெலும்பை விலக்கிவிடுவது மேல். பழக்கமில்லாத கை அதைச் செய்துபார்க்கக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து: அஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லலாமா?

செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பினதாகச் சொன்னால் எப்போது வரும் என்று காத்திருப்பாள். தொற்று நோய் இல்லையென்றால் தடவிக்கொடுத்துவிட்டுக் கை கழுவட்டும்.

ஈரோட்டிலிருந்து: எங்க புதைக்கிறது? இன்னொரு பெட்டை தனியா நிக்குது.

மூன்றடிக்குக் குறையாமல் தோண்டி, சுண்ணாம்பு தூவி, கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளிப் புதையுங்கள். ஊசி போட்டு முடித்த உடம்பென்றால் இன்னும் கவனம் வேண்டும், தோண்டித் தின்கிற நாயும் பருந்தும் அந்த மருந்தாலேயே சாகும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல் மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள், பறவைக் காய்ச்சலா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும். காரணம் தெரிய வேண்டுமென்றால் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். உடம்பை ஐஸ் வைத்த பெட்டியில், உறைய விடாமல், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

கூட்டைக் கழுவி வெயிலில் காயப்போட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். மீந்த பெட்டை சில நாள் கூவித் தேடும், தீனியைக் குறைக்கும். அது தனியாக வாழும் பிராணி இல்லை. ஆனாலும் ஒரு மாதமாவது கழித்து, தடுப்பூசி போட்ட, அதே அளவுள்ள இன்னொரு பெட்டையைக் கொண்டுவாருங்கள். முதல் வாரம் இரண்டுக்கும் நடுவில் கம்பிவலை இருக்கட்டும்.