அகாடிய வேர்களைத் தேட எங்கே தொடங்குவது?

கணவர் கியூபெக்காரர், அவருடைய அம்மா வழியில் அகாடியர்கள் (1600களில் பிரான்சிலிருந்து வந்து கனடாவின் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பக்கம் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள்) இருந்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள், முன்னோரைத் தேட எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மொன்றியலில் ஒரு பிரெஞ்சுக் கனடியக் குடும்பத்தில் திருமணம் செய்தவள். மாமிக்காக நான்கு வருடமாக இதே தேடலில் இருக்கிறேன்.

பிறந்த தேதிகளைத் தேடி அலைய வேண்டாம். திருமணங்களைத் தேடுங்கள். இங்கே கத்தோலிக்கக் குருமார் எழுதிய திருமணப் பதிவில் பெரும்பாலும் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தாய் தகப்பன் பெயர்களும் இருக்கும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பார்கள். ஒரு திருமணம் கிடைத்தால் அதற்கு மேலே தேட வேண்டிய இரண்டு திருமணங்கள் தெரிந்துவிடும், அதற்கு மேலே நான்கு. இப்படியே 1600கள் வரை ஏறிவிடலாம். கியூபெக்கில் 1994 வரை பிறப்பு, திருமணப் பதிவுகள் பெரும்பாலும் கத்தோலிக்கக் கோயில் பங்குகளின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) கையில்தான் இருந்தன. பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை அரசிடம் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு தப்பிப் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கணவரின் தாத்தா பாட்டி எந்தப் பங்கில் மணமுடித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். அப்புறம் பமிலிசேர்ச் தளத்தில் கியூபெக் பங்குப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். 1800க்கு முந்திய காலத்துக்கு கியூபெக்கின் பழைய பங்குப் பதிவுகளைக் குடும்பவாரியாகத் தொகுக்க மொன்றியல் பல்கலைக்கழகம் 1966 இல் தொடங்கிய பி.ஆர்.டி.எச். தரவுத்தளம் அருமையானது. கட்டணம் உண்டு, ஆனால் கொடுத்த காசு வீண் போகாது.

ஒரு இடத்தில் நான் மூன்று வாரம் தடுமாறினேன். உடோன் என்ற பெயரில் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அடுத்த தலைமுறையில் போலியூ என்று பதிவாகியிருந்தது. பழைய பதிவுகளில் 'உடோன் டி போலியூ' என்று இரண்டு பெயரும் சேர்ந்து வரும். 'டி' என்றால் 'இப்படியும் அழைக்கப்படுபவர்' என்று பொருள். இப்படிச் சேர்ந்த பெயர்களில் பல, படைவீரர்களின் பட்டப்பெயர்கள். 1665 இல் பிரான்சிலிருந்து வந்த கரின்யான் சாலியேர் படையில் ஏறத்தாழ 400 பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகளில் ஒருவர் ஒரு பெயரையும் இன்னொருவர் மற்றதையும் வைத்துக்கொண்டதும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெயர்கள் ஆங்கிலத்துக்கே மாறின. ரோய் (அரசர்) கிங் ஆனார், லெப்லான் (வெள்ளை) வைட் ஆனார்.

சரி, அகாடியர்களுக்கு வருவோம். இங்கே ஏணி நடுவில் உடைந்திருக்கும். அகாடியர்களின் ஊர்கள் அப்போது பிரிட்டன் கையில் இருந்தன. 1755 செப்டம்பர் 5 அன்று அவற்றில் ஒன்றான கிரான் ப்ரேயின் கோயிலுக்கு ஆண்களையெல்லாம் அழைத்து, நிலமும் கால்நடையும் அரசுடைமை, உங்களை நாடுகடத்துகிறோம் என்று பிரிட்டிஷ் அதிகாரி வாசித்தார். அடுத்த எட்டு வருடங்களில் ஏறத்தாழ 10,000 பேர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சிதறடிக்கப்பட்டார்கள். பல பதிவேடுகள் தொலைந்தன. கிரான் ப்ரேயின் பதிவேட்டில் எஞ்சியது இப்போது அமெரிக்காவின் லூயிசியானாவில், பேட்டன் ரூஜ் மறைமாவட்டத்தில் இருக்கிறது. விரட்டப்பட்ட மக்களோடு அதுவும் பயணம் போயிருக்கிறது. இன்னொரு அகாடிய ஊரான போர் ரோயாலின் பதிவேடு 1702 முதல் 1755 வரை பிழைத்தது. நோவா ஸ்கோஷியா ஆவணக்காப்பகத் தளத்தில் பார்க்கலாம்.

உடைந்த இடத்தை இணைக்க எனக்கு உதவியவை இவை. அகாடியர்கள் பொஸ்டன் பக்கம் வைக்கப்பட்டிருந்தபோது அங்கே கத்தோலிக்கக் குருவே இல்லை. சாட்சிகள் முன்னால் தாங்களாகவே மணமுடித்தார்கள். 1766, 1767 இல் கியூபெக்குக்கு வந்ததும் அந்தத் திருமணங்களைக் குருமார் முறைப்படுத்தி எழுதினார்கள். மொன்றியலுக்கு அருகே லாஸோம்ப்ஸியோன் பங்கில் இப்படிப் பல பதிவுகள் உண்டு. கல்யாணப் பதிவில் பிள்ளைகளும் கூடவே இருப்பார்கள், திகைக்க வேண்டாம்.

பிரான்சுக்குப் போனவர்களில் 78 குடும்பங்கள் 1765 இல் பெல் ஈல் தீவில் குடியேறின. பதிவேடுகள் போய்விட்டதால் 1767 இல் குடும்பத் தலைவர்கள் தங்கள் வம்சத்தைச் சத்தியம் செய்து வாயால் சொன்னார்கள்: தாத்தா யார், பாட்டி எந்த வீட்டுப் பெண், எந்தச் சித்தப்பா எந்த ஊரில் செத்தார். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் பெட்டியோடு போன பத்திரங்களை அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து சொன்னார்.

இன்னொன்று, 'டிஸ்பான்ஸ்' என்ற விதிவிலக்கு அனுமதி. நமக்கு மாமன் மகள் முறைப்பெண். அந்தக் காலக் கத்தோலிக்கத் திருச்சபையிலோ ஒரே எள்ளுத்தாத்தாவின் வழி வந்தவர்கள் மணப்பதற்குக்கூட அனுமதி வேண்டியிருந்தது. மூன்றுக்கு நான்கு என்று பதிவில் இருந்தால், பொது முன்னோர் ஒருவருக்கு மூன்று தலைமுறை மேலே, மற்றவருக்கு நான்கு தலைமுறை மேலே என்று கணக்குப் போடலாம். பதிவேடே இல்லாத தலைமுறையை இந்த ஒற்றை வரி மீட்டுத் தருவதுண்டு.

ஆரம்பகாலக் குடும்பங்களுக்கு 1671 கணக்கெடுப்பைப் பாருங்கள். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகள், மாடு ஆடு எண்ணிக்கை எல்லாம் இருக்கும். மொன்க்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் வைட் 1999 இல் வெளியிட்ட அகாடியக் குடும்ப அகராதி நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

மரபணுச் சோதனையை நம்பி மட்டும் இறங்காதீர்கள். சில நூறு பேர் வழியே பெருகிய மக்கள் என்பதால் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் காட்டும்.

மாமியாரின் பெற்றோர் மணமுடித்த பங்கும் வருடமும் தெரிந்தால் கீழே எழுதுங்கள். முதல் இரண்டு படிகளை நான் தேடித் தருகிறேன்.