டைனோ காட்டும் எச்பி நிஜமா? எதை நம்பலாம், எதைச் சந்தேகப்படணும்

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம்: 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், கம்பெனி சொல்லும் பவர் 110 பிஎஸ் (எச்பிக்குக் கிட்டத்தட்ட சமமான அளவு). பெங்களூரில் ஒரு ட்யூனரிடம் ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்திருக்கிறார். டைனோ (காரை ரோலர் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) பிரின்ட்டில் ரீமேப்புக்கு முன் 117, பின் 148. இந்த 148 உண்மையில் ரோட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார்.

148 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 117க்கும் 148க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். இரண்டு ஓட்டமும் ஒரே மெஷினில், ஒரே கியரில், ஒரே சூட்டில் எடுத்திருந்தால்தான் அதுவும். ஸ்டாக் காரே, அதாவது ரீமேப் செய்யாத காரே, 117 காட்டுகிறது என்பதிலேயே இந்த மெஷின், இந்த செட்டிங்கில், கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே காற்று மெலிசு. 110 பிஎஸ் காருக்குத் தானாக 117 வராது.

எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ரோலர் டைனோ எஞ்சினின் பவரை நேராக அளப்பதே இல்லை. அது அளப்பது ரோலரின் வேகத்தையும், ரோலர் மேல் டயர் தள்ளும் விசையையும்தான். டைனோஜெட் போன்ற இனர்ஷியா மெஷின் விசையைக்கூட அளக்காது. எடை தெரிந்த கனமான டிரம் எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதிலிருந்து கணக்குப் போடும். ரோலரைக் காந்த விசையால் இழுத்துப் பிடிக்கும் எடி கரன்ட் பிரேக் உள்ள லோட் மெஷினில் லோட் செல் விசையை அளக்கும். பிரின்ட்டில் 'எஞ்சின் பவர்' என்று வருவதற்கு முன்னால் இந்த அளவின்மேல் இரண்டு கணக்குகள் ஏறுகின்றன: ஒன்று கியர்பாக்ஸ், டயரில் போன இழப்பு, இன்னொன்று வானிலைத் திருத்தம். கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

முதலில் வானிலைத் திருத்தம், அதாவது கரெக்‌ஷன் ஃபேக்டர். சூடான, மெலிசான காற்றில் எஞ்சின் குறைவாக இழுக்கும் என்பதால், எல்லா ரீடிங்கையும் ஒரு பொது நிலைக்குக் கொண்டுவரப் பெருக்குகிறார்கள். எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே1349 முறையில் அந்தப் பொது நிலை 25 டிகிரி செல்சியஸ், 990 மில்லிபார் உலர்காற்று. சூத்திரம் இது: 1.18 × (990 ÷ உலர்காற்று அழுத்தம்) × √((வெப்பநிலை + 273) ÷ 298) − 0.18. பெங்களூரில் அழுத்தம் சுமார் 910 மில்லிபார். ஈரப்பதத்துக்கு 20 கழித்தால் 890. வெப்பநிலை 28 என்று வைத்தால் விடை 1.14. அதாவது மெஷின் அளந்ததற்கு மேல் 14 சதவீதம் கூட்டி அச்சடிக்கிறது.

டர்போ இல்லாத காருக்கு இது பெருமளவு நியாயம்தான். டர்போ காருக்குப் பொருந்தாது. ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரு பூஸ்ட் இலக்கை, அதாவது டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தத்தை, வைத்துக்கொண்டு, வெளியே காற்று மெலிந்தால் வேஸ்ட்கேட்டை (புகை டர்போவைத் தொடாமல் வெளியேற விடும் வால்வு) இன்னும் மூடி, டர்போவை வேகமாகச் சுழற்றி, இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதியை மீட்டுவிடுகிறது. எஞ்சின் ஏற்கெனவே ஈடுகட்டியதற்கு மெஷின் மறுபடியும் ஈடு கொடுக்கிறது. உங்கள் பிரின்ட்டில் 1.14 இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். 148 என்பது 130 ஆகும், 117 என்பது 103 ஆகும். கூடியது 31 அல்ல, 27. அதுவே 1.0 லிட்டர் எஞ்சினுக்கு நல்ல ஏற்றம். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னாலே போதும், எண்ணை ஊத வேண்டிய அவசியமே இல்லை.

எந்த முறையில் திருத்தியது என்பதையும் கேளுங்கள். பழைய எஸ்ஏஇ ஜே607 முறையை மெஷின்களில் 'எஸ்டிடி' என்று போட்டிருக்கும். அதன் பொது நிலை இன்னும் குளிரான, அடர்த்தியான காற்று என்பதால், அதே ஓட்டம் ஜே1349ஐவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். மெனுவில் ஒரு கிளிக்தான். முன் ஒரு முறையிலும் பின் இன்னொரு முறையிலும் அச்சடித்தால், காரில் கை வைக்காமலே 5 எச்பி 'கிடைத்துவிடும்'.

வெப்பநிலை சென்சார் எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். மே மாதச் சென்னை என்று வைத்துக்கொள்வோம். அறைக் காற்று 38 டிகிரி, உலர்காற்று அழுத்தம் 973 மில்லிபார் என்றால் திருத்தம் 1.047. அதே சென்சார் எஞ்சின் சூடு அடிக்கிற பக்கம் தொங்கி 50 டிகிரி காட்டினால் 1.07. இடம் மாறியதற்கே 2.3 சதவீதம். ஏர் ஃபில்டர் மாற்றினால் கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிற லாபம் பெரும்பாலும் இந்த அளவுதான். ஒரு ஃபில்டரையோ எக்ஸாஸ்ட்டையோ 3 எச்பி வித்தியாசத்தை வைத்து நல்லது என்று முடிவு கட்டுவது சரியல்ல.

அடுத்தது இழப்புக் கணக்கு. இதில்தான் ஏமாற்றுவது எளிது. பல இடங்களில் வீலில் வந்ததை 0.85ஆல் வகுத்து 'கிராங்க் எச்பி', அதாவது எஞ்சினின் பவர், என்று எழுதிவிடுகிறார்கள். 15 சதவீதம் என்பது இயற்கை விதி அல்ல. கியர்பாக்ஸ் ஆயில் சூடு, டயர் காற்று, ரோலரின் விட்டம், எந்த கியர் என்று எல்லாவற்றோடும் அது மாறும். எஞ்சின் பவர் 30 சதவீதம் கூடினால் இழப்பும் அதே விகிதத்தில் கூடும் என்பதும் கிடையாது.

கொஞ்சம் ஒழுங்கான மெஷின், மேல் ஆர்பிஎம் வரை இழுத்து முடித்ததும் கிளட்சை மிதிக்கச் சொல்லும். சக்கரமும் ரோலரும் தானாக வேகம் குறையும்போது எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று அளந்து, அதை வீல் பவரோடு கூட்டும். இதற்குக் கோஸ்ட் டவுன் என்று பேர். லோடு இல்லாமல் அளப்பதால் கியர் பற்களில் போகிற இழப்பு முழுசாக வராது என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு 15 சதவீதம் போடுவதைவிட மேல். ஆனால் கோஸ்ட் டவுன் நேரத்தில் ஓட்டுபவரின் கால் பிரேக்கில் லேசாகப் பட்டால் போதும். 18 எச்பி இழப்பு 25 ஆகிவிடும், வீலில் 100 இருந்த கார் 118க்குப் பதில் 125 என்று அச்சாகும். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், பிரேக் கேலிப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் இதே கதைதான்.

இதைப் பிடிக்க உங்களாலேயே முடியும். ரீமேப் கியர்பாக்ஸை மாற்றவில்லை, டயரை மாற்றவில்லை. அதனால் ஒரே ரோலர் வேகத்தில் இழப்புக் கோடு முன்னும் பின்னும் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். ஒன்றிரண்டு எச்பி தள்ளி இருக்கலாம். 120 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு 17, பின்பு 24 என்று இருந்தால், அந்த 7 எஞ்சினிலிருந்து வரவில்லை. முழு கிராஃபையும், இழப்புக் கோட்டோடு, கேட்டு வாங்குங்கள். உச்ச எண் மட்டும் இருக்கிற பிரின்ட் உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

இன்னொரு சுலபமான சோதனை: பிஎஸ் = டார்க் (சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில்) × ஆர்பிஎம் ÷ 7024. கிராஃபில் எந்த இடத்தைத் தொட்டாலும் இது பொருந்த வேண்டும். 5500 ஆர்பிஎம்மில் 148 பிஎஸ் என்றால் அங்கே டார்க் 189 நியூட்டன் மீட்டர் இருக்கணும். பொருந்தவில்லை என்றால் பவர் எஞ்சின் கணக்கிலும் டார்க் வீல் கணக்கிலும் அச்சாகியிருக்கலாம். பொருந்தியும் டார்க் நம்ப முடியாத அளவில் இருந்தால் ஆர்பிஎம் தப்பாக எடுபட்டிருக்கும். ரோலர் டைனோவில் பவர் ஆர்பிஎம்மைச் சார்ந்ததல்ல; பவரை ஆர்பிஎம்மால் வகுத்துத்தான் டார்க் வருகிறது. அதனால் ஆர்பிஎம் 10 சதவீதம் குறைவாக எடுபட்டால், பவர் சரியாக இருக்க, டார்க் மட்டும் 11 சதவீதம் வீங்கும்.

மெஷினுக்கு மெஷின் ஏன் மாறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கார் வேகமெடுக்கும்போது எஞ்சின் தன் ஃபிளைவீலையும் கிராங்கையும் சக்கரங்களையும் சுழற்றவே கொஞ்சம் பவரைச் செலவு செய்கிறது. சீக்கிரம் வேகமெடுத்தால் இந்தச் செலவு அதிகம். அதனால் இனர்ஷியா மெஷினில் மூன்றாம் கியரில் எடுத்ததைவிட நான்காம் கியரில் வீல் பவர் கூடுதலாக வரும். லைட் ஃபிளைவீல் போட்டால் அதில் பவர் கூடியதுபோல் தெரியும், லோட் மெஷினில் ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி அளந்தால் ஒன்றும் கூடியிருக்காது. இரண்டு மெஷினும் பொய் சொல்லவில்லை, அளக்கிற விஷயம் வேறு. கனமான அலாய் வீல் மாட்டியதால் பிக்கப் போனதா என்று பார்க்க இனர்ஷியா மெஷின்தான் ரோட்டு நிலைமைக்கு நெருக்கமாகக் காட்டும். லோட் மெஷினில் மட்டும் ஒரு கூடுதல் வேலை, லோட் செல் காலிபரேஷன். 1 மீட்டர் கையில் 25 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 245 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் நல்ல ட்யூனர் கோபப்பட மாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் எண்ணைக் கூட்டுகிற காரணங்கள். குறைக்கிற காரணம் சூடு. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நொடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் கிரில்லில் அடிக்கிறது. அரை சதுர மீட்டர் திறப்புக்கு அதே காற்றைக் கொடுக்க, மணிக்கு 50,000 கன மீட்டர் தள்ளுகிற ஃபேன் வேண்டும். முன்னால் நிற்கிற சாதாரண பெடஸ்டல் ஃபேன் அதற்கு எந்த மூலைக்கு? இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறும், உள்ளே போகிற காற்று 35லிருந்து 55 டிகிரிக்குப் போகும், நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிவது) வராமல் இருக்க ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். டைனோவில் மூன்றாவது ஓட்டத்தில் 6 எச்பி விழுந்த கார், நன்றாகக் காற்று அடிக்கிற ரோட்டில் பெரும்பாலும் அதை இழப்பதில்லை. ஆகவே ஓட்டங்களுக்கு நடுவில் ஆறவிட்டு, கூலன்ட் 85–90 டிகிரி, உள்காற்று 3 டிகிரி வித்தியாசத்துக்குள் வந்த பிறகு அடுத்ததை எடுக்கணும். குறைந்தது மூன்று ஓட்டம், மூன்றும் 2 சதவீதத்துக்குள். அதில் அதிகமானதை எடுத்து ஃப்ரேம் போடாமல், நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் சில்லென்று இருக்கும்போது 'முன்', நன்றாகச் சூடான பிறகு 'பின்' என்று எடுத்தாலும் சில எச்பி ஓசியில் வரும்.

டயர் காற்று இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். காரை ரோலர் மேல் கட்டிவைக்கும் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துக் கட்டியதும் இன்னொரு தடவை தளர்த்தியதும் ரீடிங்கை மாற்றும், சிறிய இரட்டை ரோலரில் இன்னும் அதிகமாக. கிராஃப் கோடு நடுங்கினால் டயர் வழுக்குகிறதா என்று பாருங்கள். முன் சக்கரம் சுற்றி, பின் சக்கரம் நிற்பதைப் பார்த்துச் சில கார்கள் தாமாகவே பவரை வெட்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை முழுசாக அணைக்காத ரீடிங் வீண். கோட்டின் ஏற்ற இறக்கத்தை மழுப்பும் ஸ்மூத்திங் அளவும் இரண்டு கிராஃபிலும் ஒன்றாக இருக்கணும். அதைக் குறைத்தால் ஒரு முள் எழும்பி, அதுவே 'பீக்' என்று அச்சாகும்.

கம்பெனி சொல்லும் 110ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது எஞ்சினைத் தனியாக டைனோ பெஞ்சில் ஏற்றி அளந்தது. ஐரோப்பிய முறையான ஆர்85இல், சொன்ன உச்ச பவருக்கும் அளந்ததற்கும் 2 சதவீதம்தான் இடைவெளி அனுமதி, உற்பத்தியிலிருந்து எடுத்துச் சோதிக்கும்போது 5 சதவீதம். வொர்க்‌ஷாப் ரோலரை இதற்கு நேராக வைத்து 'கம்பெனி குறைத்துச் சொல்கிறது' என்று முடிவு கட்ட இடமே இல்லை.

ரோட்டில் இருக்கிறதா என்பதுதானே உங்கள் கேள்வி. உச்ச பவர் அதைச் சொல்லாது, நடு ஆர்பிஎம்தான் சொல்லும். அதிலும் டைனோ கொஞ்சம் அழகுபடுத்தும். நான்காம் கியரில் மெதுவாக ஏறுகிற ஓட்டத்தில் டர்போவுக்கு நேரம் கிடைப்பதால், 2000 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் வந்ததுபோல் தெரியும். ரோட்டில் இரண்டாம் கியரில் எஞ்சின் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடும், டார்க் சில நூறு ஆர்பிஎம் தள்ளித்தான் வரும். சில ஈசியுகள் கீழ் கியர்களில் டார்க்கைக் கட்டுப்படுத்தவும் செய்யும்.

அதனால் ரோட்டிலேயே அளந்துவிடுங்கள். விபாக்ஸ், டிராகி போல நொடிக்கு 10 முறையாவது அளக்கிற ஜிபிஎஸ் கருவி வேண்டும். ஃபோன் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான், போதாது. மூன்றாம் கியரை மாற்றாமல் 60லிருந்து 100 வரை, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து எடுங்கள். பொது ரோட்டில் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி டிராக்கிலோ டிராக் நாள் கிடைக்கும்போது செய்யலாம். ஒரே நேர்ப்பாதையில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கணும். கண்ணுக்கே தெரியாத 1 சதவீத ஏற்றம் 1250 கிலோ காருக்கு இந்த வேகத்தில் 3.7 பிஎஸ்ஸைத் தின்றுவிடும்.

கணக்கு இப்படி. காரை நீங்களும் பெட்ரோலும் சேர்த்து எடைமேடையில் ஏற்றுங்கள். 1250 கிலோ என்றால் 60லிருந்து 100க்குப் போக 3,08,600 ஜூல் தேவை. 6.2 நொடி எடுத்தால் 49.8 கிலோவாட். சுழலும் பாகங்களுக்கு 4 சதவீதமும், காற்றுத் தடைக்குச் சுமார் 4.1, டயர் உருளும் இழப்புக்கு 3.5 கிலோவாட்டும் கூட்டினால் 59.4, அதாவது வீலில் சராசரி 81 பிஎஸ். ரீமேப்புக்குப் பிறகு அதே கார் 5.2 நொடியில் முடித்தால் 94 பிஎஸ். உங்கள் கார் இப்போது ரீமேப்பில் இருப்பதால், ஸ்டாக் ஃபைலை ட்யூனரிடம் கேட்டுத் திரும்ப ஏற்றி, ஒரே நாளில் இரண்டையும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டுக்கும் ஒரு நொடி வித்தியாசம் வந்தால் ரீமேப் வேலை செய்கிறது. 0.2 நொடிதான் வந்தால், பிரின்ட்டில் 148 இருந்தாலும், அந்த ட்யூனரிடம் இழப்புக் கோட்டையும் கரெக்‌ஷன் எண்ணையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.