அப்பாவின் வயிற்றில் கேமரா சோதனை: 1,850 வெள்ளியை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். ஆறேழு மாதமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். கேஸ்டிரிக்தான் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். சிலுவார் (கால்சட்டை) எல்லாம் லூசாகிவிட்டது. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் கொடுத்தார்கள். ஈப்போ பெரிய மருத்துவமனையில் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க நான்கு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தோம். 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பெருங்குடலையும் சேர்த்துப் பார்த்தால் 3,600 வெள்ளி பேக்கேஜ் என்கிறார்கள்.

எனக்குத் தொழிற்சாலையில் மாதம் 3,400 வெள்ளி சம்பளம், திருமணம் ஆகவில்லை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிளெக்சிபல் கணக்கில் 1,700 வெள்ளி இருக்கிறது. அண்ணன் கிள்ளானில், சம்பளம் 6,500. அண்ணி வேலைக்குப் போகவில்லை, இரண்டு பிள்ளைகள். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். நான் ஒரு கூட்டில் (சீட்டில்) இருக்கிறேன், 400 வெள்ளி கழிவு விட்டால் அடுத்த மாதமே எடுக்கலாம். தெரிந்த ஏஜண்டு ஒருவர், "முதலில் அப்பாவுக்கு மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) எடுங்கள், 30 நாள் கழித்துச் சோதனை செய்யுங்கள், கார்டே கட்டிவிடும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பணக் கணக்குகளுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சிலுவார் லூசாகிவிட்டது. நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். அறுபதைத் தாண்டியவருக்குக் காரணமில்லாமல் எடை குறைந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தால், மருத்துவர்கள் அதை எச்சரிக்கை அறிகுறி என்றே எடுத்துக்கொள்வார்கள். விழுங்கும்போது அடைப்பது, ஓயாத வாந்தி, இரத்தச் சோகை ஆகியவையும் அந்த வகைதான். கிளினிக்கில் இதைச் சொன்னீர்களா? "கேஸ்டிரிக், டாக்டர்" என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தால், நான்கு மாதத் தேதி அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்த தேதி. அரசாங்க மருத்துவமனையில் வரிசை நோயின் அவசரத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது.

ஆகவே ஒரு காசும் செலவழிக்கும் முன்னால் இந்த வாரமே அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். எடையை நிறுத்துக் குறிக்கச் சொல்லுங்கள், இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்டு அதற்கான கடிதத்தை வாங்குங்கள். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் என்பதால் ஒரு இசிஜியும் எடுத்துவிடட்டும். இந்த வயதில் இதய வலியும் வயிற்று எரிச்சல் போலவே வரும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வெளிநோயாளர் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிகூடக் கிடையாது. மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, தேதியும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தேதி இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்தால் காத்திருங்கள். அங்கே விடுவதும் அதே கேமராதான். வராவிட்டால் தனியாரில் செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. நீங்கள் அங்கே காசு கொடுத்து வாங்கப்போவது காலத்தை. உங்கள் அப்பாவின் நிலையில் அந்தக் காலத்துக்கு 1,850 வெள்ளி தகும். இதே எரிச்சல் முப்பது வயதுக்காரருக்கு, எடையும் குறையாமல் இருந்திருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று மூச்சுச் சோதனையிலேயே பார்த்துவிடலாம், செலவும் குறைவு. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இந்தக் கிருமி அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

இப்போது பணம். அந்த 1,850 வெள்ளியில் என்னென்ன அடங்கும் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிகளின்படி, சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவைத் தெரிந்துகொள்ளவும், பிறகு விவரமான பில் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவரின் கட்டணத்துக்கு மட்டும் அந்த விதிகளில் உச்சவரம்பு இருக்கிறது. அறை, கருவி, பஞ்சு, ஊசி என்று மருத்துவமனை போடும் தொகைக்கு அப்படி வரம்பு இல்லை, பில் வீங்குவது அங்கேதான். முதலில் மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் சேர்த்தியா? மயக்க ஊசி? பகல்நேரப் படுக்கை? புண்ணோ கட்டியோ தெரிந்தால் சிறு துணுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அந்த பயாப்சி செலவு தனியா? அறிவிக்கும் விலையில் பலமுறை விட்டுப்போவது இந்தக் கடைசிச் செலவுதான். உங்கள் அப்பாவுக்கு அது தேவைப்பட வாய்ப்பும் அதிகம். அதனால் 1,850 என்று சொன்னாலும் 2,500 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்பேன்.

3,600 வெள்ளி பேக்கேஜை விலை மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள். இரத்தச் சோகை இருக்கிறது, குடலையும் பார்க்கவேண்டும் என்று மருத்துவரே காரணம் சொன்னால் அது வேறு. அதுவரை, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை அரசாங்கக் கிளினிக்கிலேயே கேளுங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அது அங்கே உண்டு.

சங்கிலி, கூட்டு, இபிஎஃப் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அடகுக் கடையில் சட்டம் அனுமதிக்கும் வட்டி மாதம் 2 விழுக்காடு. 2,000 வெள்ளிக்கு மாதம் 40, ஆறு மாதத்தில் 240. ஆண்டுக் கணக்கில் 24 விழுக்காடு, அதாவது கடன் அட்டையின் 18 விழுக்காட்டைவிட அதிகம். நம் குடும்பங்களில் கார்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு அடகுக் கடைக்கு யாரும் பயப்படுவதில்லை, எனக்கு அது நெடுநாள் வருத்தம். நகையைத்தான் வைத்தாகவேண்டும் என்ற நிலை வந்தால் இஸ்லாமிய முறை அடகான அர்-ரஹ்னுவில் விசாரியுங்கள், பெரும்பாலும் அங்கே செலவு குறைவு. ஆனால் இந்த முறை அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

கூட்டில் 400 வெள்ளி கழிவு என்பது, கையில் வாங்கும் முன்பே போய்விடும் பணம். அதோடு கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் குற்றம். பிடிப்பவர் நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அவர் கைவிரித்தால் உங்கள் பணத்துக்குச் சட்டம் துணை நிற்காது. அப்பாவின் சோதனையை அதில் தொங்கவிட வேண்டாம்.

பிளெக்சிபல் கணக்கு இப்படிப்பட்ட தேவைக்குத்தான். 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்தபோது, சந்தாவில் 10 விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒதுக்கியது அதற்காகத்தானே. 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. அதை எடுப்பதால் நீங்கள் இழப்பது லாப ஈவு. 2024க்கு அது 6.30 விழுக்காடு, ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 63 வெள்ளி. மூன்று வழிகளிலும் இதுதான் மலிவு. மூன்றில் இன்னொன்றான செஜாத்ரா கணக்கை இப்போது தொட நினைக்காதீர்கள், தொடவும் முடியாது. அதிலிருந்து மருத்துவத்துக்கு எடுப்பது பட்டியலில் உள்ள கடும் நோய்களுக்கு மட்டும், வெறும் சோதனைக்கு இல்லை. பெற்றோரின் நோய்க்கும் அது பொருந்தும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

பில்லை யார் பெயரில் கட்டுவது என்பதிலும் பணம் இருக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு கோரலாம். உங்கள் 3,400 வெள்ளி சம்பளத்தில் தனிநபர் விலக்கு 9,000, இபிஎஃப் 4,000 எல்லாம் கழித்தால் வரி விதிக்கக்கூடிய வருமானம் 35,000க்குக் கீழே வந்துவிடும். அதற்கு 400 வெள்ளி வரிக் கழிவும் கிடைப்பதால் நீங்கள் கட்டும் வரி ஏறக்குறைய பூஜ்யம். ஆக, ரசீது உங்கள் பெயரில் இருந்தால் பயன் எதுவும் இல்லை. அண்ணனின் கணக்கு வேறு. மனைவி, பிள்ளைகளுக்கான விலக்கைக் கழித்த பிறகும் அவர் 11 விழுக்காட்டுப் படியில் நிற்பார். 1,850 வெள்ளி ரசீது அவர் பெயரில் இருந்தால் வரியில் சுமார் 200 வெள்ளி மிச்சம். எனவே முழுப் பில்லையும் அண்ணன் கட்டட்டும், ரசீது அவர் பெயரில் வரட்டும், உங்கள் பாதியை நீங்கள் அவருக்கு அனுப்புங்கள். கடன் அட்டையில் கட்டினால் தவணைத் தேதிக்குள் முழுவதையும் அடைத்துவிட வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். அண்ணனிடம் பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் அவரிடம் கேட்பதைப் பற்றி எழுதாமல் விட்டதிலிருந்தே தெரிகிறது. இந்தக் கணக்கைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள், எளிதாக இருக்கும்.

ஏஜண்டு சொன்ன யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மெடிக்கல் கார்டில் 30 நாள் காத்திருப்பு பொதுவான நோய்களுக்கு. கட்டி, புற்று போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். கார்டு எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குக் கொடுக்கவே மாட்டார்கள். அப்பாவின் எரிச்சலும், கிளினிக் கடிதமும், ஈப்போ தேதியும் ஏற்கனவே பதிவில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் உடல்நிலைக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லும் பொறுப்பை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் உங்கள்மேல் வைக்கிறது. மறைத்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிட முடியும், பிரீமியமும் சோதனையும் இரண்டும் கையைவிட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை குறைகிற மனிதரை ஒரு கார்டுக்காக 30 நாளோ 120 நாளோ காக்கவைக்கச் சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கார்டு வேண்டியது உங்களுக்கு, உடம்பில் எந்தக் குறையும் பதிவாகாத இந்த வயதில். அதை இந்தச் சோதனை முடிந்தபின் தனியாகப் பேசுவோம்.

சோதனைக்குப் பிறகு வருவதுதான் பெரிய பணம். புண்ணும் கிருமியும் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரம் மாத்திரை, அதோடு கட்டுப்படும். மூட்டுவலிக்கு அப்பா போடும் வலி மாத்திரை, சந்தையில் வாங்கும் நாட்டு மருந்து எதுவாக இருந்தாலும் அதன் உறையை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைப் புண்ணாக்குவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதைவிடக் கடுமையான எதுவாக இருந்தாலும், அறிக்கையை எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்கே திரும்பிவிடுங்கள். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு நிபுணர் கிளினிக்கில் முதல்முறை 30 வெள்ளிதான். தனியாரில் அறுவை சிகிச்சையும் மருந்தும் என்று இறங்கினால் உங்கள் இருவரின் சேமிப்பும் சில மாதங்களில் கரையும். "வந்தது வந்துவிட்டோம், இங்கேயே பார்த்துவிடலாம்" என்று மனம் சொல்லும். அந்த முடிவை இன்றே அண்ணனோடு பேசி வைத்துவிடுங்கள், அறிக்கை கையில் இருக்கும் நாளில் பேச வேண்டாம். பெற்றோர் எஸ்டிஆர் என்ற அரசாங்க உதவித்தொகை பெறுபவர்கள் என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பேக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும் உண்டு.

சோதனை நாளில் அப்பா ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கவேண்டும். கேமரா உள்ளே இருப்பது கால் மணி நேரம்தான். மயக்க ஊசி போட்டால் அடுத்த 24 மணி நேரம் மோட்டார் ஓட்டக்கூடாது, உங்களில் ஒருவர் லீவு எடுக்கவேண்டிவரும். தொண்டைக்கு மட்டும் மரப்பு மருந்து அடித்துச் செய்வதும் உண்டு, செலவு குறையும். அப்பா தாங்குவாரா என்று அவரையே கேட்டு முடிவெடுங்கள். கிளம்பும் முன் படங்களோடு அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். பயாப்சி முடிவைச் சொல்ல இன்னொரு முறை வரச்சொன்னால் அதற்கும் ஆலோசனைக் கட்டணம் உண்டா என்று பணம் கட்டுமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்.