140 கிரெடிட், ஒரு போன் நம்பர்: தண்டையார்பேட்டை படிப்பகத்தில் கேள்வி பதில்

கலைக் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் தெருப் படிப்பகத்தில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். போன வாரம் கூட்டம் அதிகம். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பாய் விரித்தோம். வர முடியாதவர்களுக்காகக் கேட்டதையும் சொன்னதையும் எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு. தானே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வும் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் சில விதிகள் மாறும். அங்கே படிப்பவர்கள் தங்கள் ஆபீசில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காசிமேடு, பி.காம். மூன்றாம் ஆண்டு: மேடம், மேஜர் பேப்பர் எல்லாம் கிளியர். சுற்றுச்சூழல் பேப்பர் ஒன்றுதான் அரியர். அந்த மார்க் கிளாஸ் கணக்கில் சேராதாமே, விட்டுவிடலாமா?

விடாதே தம்பி. பாதி உண்மையை மட்டும் யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். பட்டப்படிப்புப் பாடங்களை ஐந்து பார்ட்டாகப் பிரித்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலக்டிவ் எல்லாம் பார்ட் நாலு. இவற்றின் மார்க் கிளாஸ் கணக்கில் சேராது, சரி. ஆனால் பாஸ் செய்யும் ஒவ்வொரு பேப்பருக்கும் இத்தனை என்று புள்ளி உண்டு, அதுதான் கிரெடிட். பட்டம் வாங்கக் குறைந்தது 140 கிரெடிட் வேண்டும். அதில் பார்ட் நாலும் உண்டு, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியான பார்ட் ஐந்தும் உண்டு. ஒன்று குறைந்தாலும் பட்டம் வராது.

உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒருநாள் என் கவுண்டருக்கு வந்தாள். மழைக்கு நனையாமல் மார்க் ஷீட்டுகளை மீன் ஐஸ் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது, பதினைந்து நாளில் புரொவிஷனல் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆறு செமஸ்டர் ஷீட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து, பென்சிலால் கிரெடிட்டைக் கூட்டினோம். 138 வந்தது. மறுபடி கூட்டினோம், அதே 138. அந்த இரண்டு கிரெடிட் எது தெரியுமா? இதே சுற்றுச்சூழல் பேப்பர். பரீட்சை அன்று வீட்டில் ஏதோ வேலை, "சின்ன பேப்பர்தானே" என்று போகவில்லை. அடுத்த பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த வேலை போய்விட்டது. அவள் அழவில்லை. ஷீட்டுகளை அதே கவரில் மடித்து வைத்துக்கொண்டு, "அடுத்த பீஸ் கட்ட கடைசித் தேதி எப்போ மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

நீயும் அதைத்தான் கேட்க வேண்டும். அரியர் பீஸ் தேதி போர்டில் ஒட்டினதும் முதல் நாளே கட்டு.

எர்ணாவூர், பி.எஸ்சி. கணிதம் முதல் ஆண்டு: நான்-மேஜர் எலக்டிவில் எது ஈஸி?

ஈஸி எது என்று கேட்காதே, யார் எடுக்கிறார்கள் என்று கேள். அது வேறு துறை ஆசிரியரின் உலகத்துக்குள் போய் வர ஒரு வாய்ப்பு. கணிதப் பிள்ளை பொருளாதாரமோ வரலாறோ எடுத்தால் பின்னால் போட்டித் தேர்வுக்கு உதவும். 2023-ல் பாடத்திட்டம் மாறின பிறகு இது ஸ்கில் என்ஹான்ஸ்மென்ட் என்ற தலைப்பில் வருகிறது, பெயரைப் பார்த்துக் குழம்பாதே.

மொழிப் பாடமான பார்ட் ஒன்றில் தமிழை விட்டு ஃப்ரெஞ்சோ இந்தியோ எடுத்தவர்களுக்கு இந்த எலக்டிவ் எடுக்கும் வாய்ப்பே கிடையாது. பிளஸ் டூ வரை தமிழ் படித்தவர்கள் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும், படிக்காதவர்கள் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். ஃப்ரெஞ்சில் மார்க் ஏறும் என்று போனவர்கள் இரண்டாம் பருவத்தில் வந்து, "இது எங்கிருந்து வந்தது மேடம்?" என்று கேட்பதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை, பிளஸ் டூ முடித்தவர்: பி.காம்.மா, பி.சி.ஏ.வா?

கணக்கும் கம்பெனிச் சட்டமும் பிடிக்குமா, மணிக்கணக்காக உட்கார்ந்து புரோகிராமில் தப்பு தேடப் பிடிக்குமா? அதை நீதான் சொல்ல வேண்டும். சி.ஏ. ஆசை இருந்தால் பி.காம். நல்லது: வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் வைத்திருந்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம், மற்றப் பட்டத்துக்கு 60 வேண்டும். பி.காம். என்றாலும் ஜெனரல், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் என்று பல இருக்கிறது. எதில் சேர்கிறாய் என்று சேர்க்கைச் சீட்டில் எழுத்து எழுத்தாகப் படி. மேற்படிப்புக்குப் போகும்போது பட்டத்தின் பெயரைத்தான் பார்ப்பார்கள்.

திருவொற்றியூர், பி.ஏ. இரண்டாம் ஆண்டு: ராத்திரி டெலிவரி வேலை. காலையில் எழுந்து ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு நடுவில் வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் போய்விடுகிறது. அட்டெண்டன்ஸ் 68.

75 இருந்தால் கேள்வியே இல்லை. 65-க்கு மேல் என்றால் காரணம் எழுதி, வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லிக் கட்டும் கண்டொனேஷன் பீஸைக் கட்டி, பரீட்சை எழுதலாம். 50-க்கும் 65-க்கும் நடுவில் என்றால் இந்தப் பருவம் எழுத முடியாது, அடுத்த பருவத்தில் எழுதலாம். 50-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். நீ 68-ல் நிற்கிறாய். இன்றே உன் டியூட்டரிடம் போய் வேலை விஷயத்தை மறைக்காமல் சொல். பல பிள்ளைகள் வெட்கப்பட்டு "உடம்பு சரியில்லை" என்று எழுதுகிறார்கள். உழைத்துப் படிப்பதில் என்ன வெட்கம்? உன் கல்லூரியில் மாலை ஷிப்ட் இருந்தால் அதில் இடம் உண்டா என்றும் கேள், ஆனால் பீஸ் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய்.

புதுவண்ணாரப்பேட்டை: பி.காம். நல்லதா, பி.சி.ஏ. நல்லதா?

இப்போதுதான் சொன்னேன். கொருக்குப்பேட்டைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்.

வியாசர்பாடி, மாணவியின் தந்தை: தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்தோம். இப்போது அரசுக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. அங்கே டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினலைத் தர மாட்டேன் என்கிறார்கள், பணமும் திரும்பாதாம்.

அண்ணா, நீங்கள் பயப்பட வேண்டாம். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிக்கை இருக்கிறது. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. பணத்துக்கும் கணக்கு உண்டு. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், அலுவலகச் செலவென்று 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை மட்டும் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80. 15 நாள் தாண்டி, கடைசித் தேதியிலிருந்து 30 நாள் வரை 50. அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை.

ஆகவே தேதிதான் எல்லாம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். விலகல் கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் தரவில்லை என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். புகார் பதியும்போது உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டர் கடைக்காரர் நம்பரை அல்ல. இதை இன்னும் பத்து தடவை சொல்வேன்.

கொடுங்கையூர், பி.எஸ்சி. சேரப் போகிறவர்: ஒன்றாவதிலிருந்து தமிழ் வழியில்தான் படித்தேன். கல்லூரியில் ஆங்கில வழி எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கவா?

அரசு வேலை எண்ணம் இருந்தால் யோசித்துச் செய். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு 2010-லிருந்து சட்டமாக இருக்கிறது. 2020-ல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழி வேண்டும் என்று ஆக்கினார்கள். உன்னிடம் பன்னிரண்டு வருடம் கையில் இருக்கிறது. ஆங்கில வழிக்குப் போனால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் குரூப் ஒன்று, குரூப் இரண்டு மாதிரி பட்டம் கேட்கும் பணிகளுக்கு அந்த ஒதுக்கீடு போய்விடும். ஆங்கில வழியில் சேர்ந்து பரீட்சையை மட்டும் தமிழில் எழுதினேன் என்றாலும் செல்லாது.

மணலி, தனியார் கம்பெனி ஊழியர்: மேடம், மன்னிக்கணும். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம்ம ஏரியாப் பிள்ளைகள் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் போக முடியாமல் நிற்கிறார்கள். எல்லாருக்குமா குரூப் டூ கிடைக்கும்? இன்டர்வியூவில் வாய் திறக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கிடைக்காது, தம்பி. ஆனால் ஆங்கில வழியில் சேர்ந்தால் வாய் திறந்துவிடும் என்று யார் சொன்னது? இன்டர்னல் பேப்பர்க் கட்டு என் மேஜை வழியாகத்தான் போகும். ஒருமுறை ஒரே வகுப்பில் பதினோரு பேப்பரில் ஒரே வரி, ஒரே தப்பு: கைடில் இருந்த வாக்கியத்தில் 'நாட்' என்ற சொல்லை விட்டு எழுதியிருந்தார்கள். அர்த்தமே தலைகீழ். பதினோரு பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் கழித்துப் பாடமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

மணலி: அது சொல்லிக்கொடுப்பதன் குறை. மீடியத்தின் குறை இல்லை. நான் ஆங்கில வழியில் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன்.

ராயபுரம், எம்.ஏ. மாணவி: நான் தமிழ் வழியில் பொருளாதாரம் படித்தேன் அண்ணா. பார்ட் டூவில் ஆங்கிலம் எங்களுக்கும் உண்டு. பாடம் புரிந்ததால்தான் ஆங்கிலத்துக்கு நேரம் கிடைத்தது.

மணலி: கம்பெனிக்காரன் உங்கள் ஊரில் வந்து பொருளாதாரமா கேட்பான்?

இங்கே பாயில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. எனக்கு வருத்தமில்லை, பேச வேண்டிய விஷயம்தான். மணலித் தம்பி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஐ.டி. பக்கம்தான் போவேன் என்று தெளிவாக இருப்பவரைத் தமிழ் வழியில் இழுத்து உட்கார வைப்பது சரியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரூப் நான்குக்குத் தகுதி பத்தாம் வகுப்புதான். பத்தாவது வரை தமிழ் வழி என்றால், கல்லூரியில் எந்த வழியில் படித்தாலும் அதில் ஒதுக்கீடு கேட்கலாம். ஆகவே ஆங்கில வழிக்குப் போனால் எல்லாக் கதவும் அடைபடாது.

ஆனால் கொடுங்கையூர்ப் பிள்ளைக்கு என் பதில் மாறவில்லை. அவள் கேட்டது "எடுக்கச் சொல்கிறார்கள்" என்று. யார் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் பன்னிரண்டு வருடச் சொத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. சேர்ந்த பிறகு வழி மாற வேண்டும் என்றால் அந்தப் பிரிவில் இடம் காலியாக இருக்க வேண்டும். அதனால் முடிவைச் சேரும் அன்றே எடு.

எம்.கே.பி. நகர்: நீட் மார்க் 300-க்கு எங்கே கிடைக்கும்?

அது என் துறை இல்லை. தெரியாததைச் சொல்லி உன் வருடத்தைக் கெடுக்க மாட்டேன். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு அறிவிப்பை மட்டும் பார்.

பெரம்பூர்: பி.காம்., பி.சி.ஏ....

மேலே இருக்கிறது.

தண்டையார்பேட்டை, முதல் ஆண்டு மாணவி: புதுமைப் பெண் பணம் வரவில்லை. தம்பிக்கும் உண்டா?

ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தாய் அல்லவா, மாதம் 1000 ரூபாய் வர வேண்டும். பெரும்பாலும் ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கில்தான் நிற்கும். முதலில் பாங்க், அப்புறம் கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் ஆசிரியர். தம்பிக்கு 2024-ல் தொடங்கின தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

எண்ணூர், பிளஸ் டூ முடித்தவர்: அரசுக் கல்லூரி அப்ளிகேஷனை பிரவுசிங் சென்டரில் போட்டேன். 400 ரூபாய் வாங்கினார்கள். எனக்கு ஒரு மெசேஜும் வரவில்லை.

இதைத்தான் சாயந்திரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பத்துக்கு அரசு வாங்குவது 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். 400 கொடுத்தது போகட்டும். மெசேஜ் ஏன் வரவில்லை? கடைக்காரர் வேலை சீக்கிரம் முடியத் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டிருப்பார். ஓ.டி.பி. அவருக்கு, ரேங்க் அவருக்கு, கலந்தாய்வுத் தேதியும் அவருக்கு. நூறு பிள்ளைகளின் மெசேஜில் உன்னுடையதை அவர் எங்கே தேடுவார்? இடம் ஒதுக்கி, நீ போகாவிட்டால், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நாளைக் காலையில் கடை திறக்கும்போதே போ. விண்ணப்ப எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் நோட்டில் உன் கையால் எழுதி வாங்கு. விண்ணப்பத்தின் பிரிண்ட் எடு, அதில் போன் நம்பர் இருக்கும் வரியைப் பார். உன்னுடையது இல்லை என்றால் அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசுக் கல்லூரியின் உதவி மையத்துக்குப் போ. ஆதாரும் மார்க் ஷீட்டும் கையில் இருக்கட்டும். பன்னிரண்டு மணிக்குள் போனால் கூட்டம் குறைவு. அம்மாவின் போன் என்றால் அவரையும் கூட்டிப் போ, ஓ.டி.பி. அங்கேயே கேட்பார்கள்.