தறி நின்ற நேரம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய திகில் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிறைத்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, எஞ்சியவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்த மகள் வயிற்றுப் பேத்தியுடன் 1963-இல் வெளியான ‘தி ஹான்டிங்’ படத்தைப் பார்த்தேன். எனக்கு நா உலர்ந்துவிட்டது. அவளோ, “பேயே வரலையே, இதுக்கா பயந்தீங்க அப்புச்சி?” என்று சிரிக்கிறாள். கோளாறு என்னிடமா, படத்திடமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காங்கேயம்

பேய் வரவில்லை என்பதை உங்கள் பேத்தி சரியாகவே கவனித்திருக்கிறார். ராபர்ட் வைஸ் இயக்கிய அந்தப் படத்தில், இதுதான் பேய் என்று விரல் நீட்டிக் காட்டும்படி கடைசி வரை எதுவும் வருவதில்லை. சுவரை யாரோ அறைவது போன்ற ஓசை வருகிறது. மூச்சு விடுவது போல ஒரு மரக்கதவு உள்நோக்கிப் புடைக்கிறது. இருட்டில் ஒரு கை இறுகுகிறது. தோழிதான் தன் கையை இப்படி அழுத்துகிறாள் என்று எண்ணி நாயகி வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால், தோழி அறையின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அப்படியானால் இதுவரை பிடித்திருந்தது யாருடைய கை என்று அவள் கேட்பதோடு படம் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறது.

படம் பார்த்தபோது பேத்தியின் மடியில் கைபேசி இருந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இத்தகைய படங்கள் தமக்கு வேண்டிய இருட்டில் பாதியைப் பார்ப்பவரிடமிருந்தே வாங்கிக்கொள்பவை. மடியில் ஒரு வெளிச்சம் இருந்தால் அந்தக் கடன் கிடைக்காது. நான் முதல் திகில் படத்தை டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் பெயர் கூட இன்று நினைவில் இல்லை. ஆனால் இரண்டாம் ஆட்டம் விட்டபின், இருபுறமும் கிளுவை வேலி தலைக்குமேல் வளர்ந்திருந்த இட்டேரியில் வீட்டுக்கு நடந்த அந்த ஒரு மைல் தூரம் அடி அடியாக நினைவிருக்கிறது.

‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சியில் கத்தி உடம்பில் படுவதே இல்லை என்று என் நண்பன் பந்தயம் கட்டுகிறான். உண்மையா?
– கல்லூரி மாணவர், பெருந்துறை

பந்தயப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். கத்தி முனை வயிற்றைத் தொடுவது போலத் தெரியும் ஒரு கண நேரத் துணுக்கு அதில் உண்டு. ஆயினும் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தக் கொலையை இயக்குநர் ஹிட்ச்காக் ஏழு நாட்கள் படமாக்கினார். கத்தி, கை, திறந்த வாய், தண்ணீர் என்று வெட்டி வெட்டி அடுக்கியிருப்பதால், காயத்தைப் பார்த்ததாக நம் மூளையே கணக்கு முடித்துக்கொள்கிறது. கருப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமானதாக இருந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் முதலான நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு எழுதிய கீச்சொலியைக் கேட்டபின் மனம் மாறினார்.

இருப்பினும் என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் கொடூரமான இடம் குளியலறை அன்று. பிணத்தையும் காரையும் சதுப்புக் குட்டையில் தள்ளிவிட்டு விடுதிக்காரன் நார்மன் நிற்கிறான். கார் மெல்ல முழுகுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நொடியில் நாம் எல்லோரும், அதுவரை அந்தப் பெண்ணுக்காகப் பதறிய நாம், ‘முழுகித் தொலையேன்’ என்று மனத்துக்குள் காரைத் தள்ளுகிறோம். கார் முழுகியதும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். கதாநாயகியைப் படம் பாதியை எட்டுமுன்பே கொன்றுவிட்டு, கொலையை மறைப்பவன் பக்கம் நம்மை இடம் மாற்றி உட்கார வைத்தது தெரியாமலே நடந்துவிடுகிறது. 1960-இல் அந்தப் படத்துக்குத் தாமதமாக வந்தவர்களை அரங்குக்குள் விடக் கூடாது என்று ஹிட்ச்காக் பிடிவாதமாக இருந்தது விளம்பர உத்திதான். ஆனால் அதில் இந்தக் காரணமும் அடங்கியிருக்கிறது.

இருபது ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறேன். திகில் படங்களில் வரும் பெருஞ்சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. சத்தம் நின்றுபோகும் இடத்தில்தான் உடம்பு சிலிர்க்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– விசைத்தறித் தொழிலாளி, சோமனூர்

உங்கள் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்துக்கு இந்தத் தலைப்பை வைத்தேன். நானும் தறிக்குடோன்கள் நிறைந்த தெருவில் சில ஆண்டுகள் குடியிருந்தவன். இரவு முழுதும் தறி ஓடும். தொட்டிலில் குழந்தை தூங்கும். இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். தெரு முழுதும் ஒரே வீச்சில் ஓசை அடங்கும். அந்த அமைதியில்தான் குழந்தை வீரிட்டு எழும், பெரியவர்களும் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வருவார்கள். வழக்கமான ஓசை இருக்கும்வரை காது காவல் காப்பதில்லை. அது நின்றால், ஏன் நின்றது என்று உடம்பு நமக்கு முன்பே கேட்டுவிடுகிறது.

1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படம் இதை அப்படியே பயன்படுத்தியது. தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் பெரிய தொகை இல்லை. இயக்குநர் ஜாக் டூர்னர் நிழலையும் ஓசையையும் வைத்தே ஒப்பேற்றினார். பூங்காவை ஒட்டிய தெருவில் இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். அவள் செருப்பின் குதியோசை கேட்கிறது. அதன் பின்னே இன்னொருத்தியின் குதியோசையும் கேட்கிறது. விளக்குக் கம்பத்தின் கீழ் வெளிச்சம், அடுத்த கம்பம் வரை இருட்டு. சற்று நேரத்தில் பின்னால் வந்த ஓசை மட்டும் நின்றுவிடுகிறது. தொடர்ந்து வந்தவள் திரும்பிப் போய்விட்டாள் என்று நினைக்கத் தோன்ற வேண்டுமே, தோன்றாது. செருப்புக் காலுக்குப் பதில் வேறு ஏதோ கால் வருகிறது என்றே தோன்றும். முன்னால் போகிறவள் ஓடத் தொடங்குகிறாள். காட்டு விலங்கு சீறுவது போல ஓர் ஓசையுடன் திரைக்குள் பாய்வது என்ன என்று பார்த்தால், பிரேக் போட்டு நிற்கும் பேருந்து. இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே திரைத்துறையில் பெயர் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தால் பூனை குதிக்கும், தோளைத் தொட்டால் நண்பன் நிற்பான். அதற்கு முந்தைய அமைதியை எடுத்துக்கொள்ள யாருக்கும் பொறுமையில்லை. சத்தம் மட்டும் போட்டால் மனிதன் துள்ளுவான். அதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். பட்டாசுக்கும் அவன் துள்ளத்தான் செய்வான்.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் ஆளில்லாத விடுதியின் தாழ்வாரங்களில் சிறுவன் மூன்று சக்கர வண்டி ஓட்டும் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மரத்தரையில் சக்கரம் கடகடக்கும், கம்பளத்தின்மேல் ஏறியதும் அடங்கும், மறுபடியும் மரம், மறுபடியும் கம்பளம். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் உங்களுக்குத் தறி நின்றது போல இருக்கும்.

பேச்சே இல்லாத மௌனப் படம் பயமுறுத்துமா?
– வாசகி, தாராபுரம்

முர்னோவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) பயமுறுத்தும். மாடிப்படியில் ஏறிவரும் நிழலையும், அந்த நிழலின் விரல்கள் ஒரு பெண்ணின் நெஞ்சின்மீது படிந்து இறுகுவதையும் பார்த்தால் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். டிராகுலா கதையை உரிமை பெறாமல் எடுத்ததற்காகப் படப்பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டும், சில பிரதிகள் தப்பிவிட்டன.

கோயிலில் உடுக்கையடித்துப் பேயோட்டுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவள் நான். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்னைப் பயமுறுத்துமா?
– இல்லத்தரசி, அந்தியூர்

பாதிரியார் வந்தபின் நீங்கள் பெரும்பாலும் தைரியமாகவே இருப்பீர்கள். அது உங்களுக்குத் தெரிந்த இடம். உங்களை உலுக்கப் போவது மருத்துவமனைதான். வில்லியம் ஃபிரீட்கின் 1973-இல் எடுத்த அந்தப் படத்தில், சிறுமியின் கழுத்தில் ஊசியைச் செலுத்தி மூளையைப் படமெடுக்கும் காட்சி ஒன்று வருகிறது; அங்கே பேயும் இல்லை, மந்திரமும் இல்லை, கடமையைச் செய்யும் மருத்துவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையும் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லச் சொல்ல, தாயின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். பிற்பகுதியில் படுக்கையறையில் வாயிலிருந்து வரும் ஆவி உண்மையானது. அந்த அறை அரங்கையே குளிரூட்டி உறைய வைத்துப் படமாக்கினார்கள்.

தமிழ்ப் பேய்கள் ஏன் எப்போதும் வெள்ளைச் சேலை கட்டிப் பாடுகின்றன?
– வங்கி ஊழியர், ஈரோடு

1949-இல் வந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. லதா மங்கேஷ்கரின் குரல் பாழடைந்த மாளிகைக்குள் நாயகனை இழுத்துச் சென்ற அந்த வழியிலேயே நம்மவர்களும் போனார்கள். ‘யார் நீ’ (1966) படத்தில் ‘நானே வருவேன்’ என்று பி. சுசீலாவின் குரல் எழும் இடத்தைக் கேளுங்கள். இறுதியில் எல்லாம் மனிதர்களின் சூழ்ச்சிதான் என்று படம் விளக்கிவிடும். ஆனால் விளக்கம் மறந்துபோகும், பாட்டு மறப்பதில்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) இன்னும் ஒரு படி மேல். முதுமை வேடத்தில் நம்பியாரின் கண்களைப் பார்த்தபின் வெள்ளைச் சேலை தேவைப்படுவதில்லை.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் எதைச் சொல்வீர்கள்?
– வாசகர், பொள்ளாச்சி

ஜாக் கிளேட்டனின் ‘தி இன்னொசென்ட்ஸ்’ (1961). இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியையாக டெபோரா கெர் நடித்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் வடிகட்டிக் கண்ணாடியின் ஓரங்களில் வண்ணம் தீட்டித் திரையின் இரு மருங்கையும் இருட்டாக்கினார் என்பதால், நம் கண் நடுவில் நில்லாமல் ஓரங்களையே மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் நான் மறக்காத காட்சி பகலில் வருகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். நெருங்கி வருவதில்லை, கையசைப்பதில்லை. நிற்கிறாள், அவ்வளவுதான்.

என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, இரவில் தனியாகத் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டு வருவார். ஆனால் உச்சிப்பொழுதில் எங்களைக் கிணற்று மேட்டுப் பக்கம் போகவிட மாட்டார். உச்சியில் முனி நிற்கும் என்பார். நிற்கும் என்றுதான் சொன்னாரே தவிர, வரும் என்றோ துரத்தும் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகவே அந்தப் படத்தை நள்ளிரவில் பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், உண்டுவிட்டு வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு பாருங்கள்.