பாட் சம்மிட் ஏன் ஆண்கள் அணிக்குப் போகவில்லை? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பள்ளியின் கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். பயிற்சியாளர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்த பாட் சம்மிட்டை, 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அதை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன். உடனே ஒரு சார், “பொம்பளப் பிள்ளைங்க டீமை வச்சு ஜெயிச்சதுதானே டீச்சர்? ஆம்பளப் பசங்க டீமுக்குப் போயிருந்தா அப்பத் தெரிஞ்சிருக்கும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. சம்மிட் ஏன் கடைசிவரை பெண்கள் அணியிலேயே இருந்தார்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் மிகவும் கண்டிப்பானவர் என்று சொல்கிறார்கள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே மறுநாள் பெற்றோர் வந்து நிற்கிறார்கள். எவ்வளவு கண்டிப்பு சரி?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்த சார் சொன்ன அதே யோசனையை டென்னஸி பல்கலைக்கழகமே சம்மிட்டிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது. 1994இலும் 2001இலும் ஆண்கள் அணிப் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு முறையும் அவர் மறுத்தார். அதை ஏன் ஒரு படி மேலே போவதாக நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இதைச் சிலர் பணிவு என்கிறார்கள், சிலர் தயக்கம் என்கிறார்கள். அவர் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் அது இரண்டுமே இல்லை என்பது தெரியும்.

அவர் 1952இல் டென்னஸி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. மாடுகளுக்கு வேலை செய்து முடித்துவிட்டு, இராத்திரியில் வைக்கோல் பரணில் அண்ணன்களோடு பந்து விளையாடி வளர்ந்தவர். அவர் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி கிடையாது. அதற்காக அப்பா ரிச்சர்ட் ஹெட் குடும்பத்தையே பக்கத்து வட்டாரத்துக்குக் குடிமாற்றினார். வாய் திறந்து பாராட்டத் தெரியாத, மகளை அணைத்துக்கொள்ளக்கூடத் தெரியாத மனிதர், மகளின் விளையாட்டுக்காக வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனார். கல்லூரி வந்தபோது அண்ணன்கள் மூவருக்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சம்மிட்டுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் பெண்களுக்கு அப்படி ஒன்றே கிடையாது. பெற்றோர் பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் டென்னஸி பள்ளிகளில் பெண்கள் ஆடிய கூடைப்பந்து நீங்களும் நானும் அறிந்த கூடைப்பந்தே அல்ல. ஓர் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று எதிரணியைத் தடுப்பார்கள், மற்ற மூன்று பேர் மறு பாதியில் நின்று பந்து போடுவார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தடுப்பாட்டத்தில் நிற்கும் பெண் பள்ளிக் காலம் முழுவதும் ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்து எறியாமலே போகலாம். முழு மைதானத்தையும் ஓடி ஆடப் பெண் உடம்புக்குத் திராணி இல்லை என்ற எண்ணத்திலிருந்து பிறந்த விதி இது. 1970களின் பிற்பாதி வரை அந்த மாநிலத்தில் இது நடப்பில் இருந்தது. ஓக் ரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ஒரு மாணவி 1976இல் நீதிமன்றம் போனாள். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து மேல்முறையீட்டில் தோற்றாள்.

சம்மிட் பள்ளியில் ஆடியதும் அந்த ஆறு பேர் ஆட்டம்தான். பயிற்சியாளரான பிறகு, அரை மைதானத்தில் ஆடிப் பழகிய டென்னஸி பெண்களை என் அணியில் எடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், அந்த மாநிலத்துப் பெண்களே வேண்டாம் என்கிறார்! ஊரில் எவ்வளவு கசப்பைச் சம்பாதித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் 1979–80 பள்ளி ஆண்டில் அந்த விதி போய், ஐந்து பேர் முழு மைதான ஆட்டம் வந்தது. நான் அவருடைய எட்டுப் பட்டங்களையும்விட இதைப் பெரிதாக நினைக்கிறேன். பட்டங்கள் அவருடைய மாணவிகளுக்குக் கிடைத்தன. இந்த மாற்றம் அவர் முகமே பார்த்திராத, கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆயிரக்கணக்கான பள்ளிப் பெண்களுக்கும் கிடைத்தது.

1974இல் அவர் டென்னஸி பல்கலைக்கழகத்துக்கு வந்தது உதவியாளராக. அப்போதிருந்த தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போகவே, 22 வயதில் அணி அவர் கைக்கு வந்தது. மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. அவருடைய முதல் ஆட்டம் மெர்சர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, 83–84. ஒரே புள்ளியில் தோல்வி.

அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டும் இருந்தார். கல்லூரி இறுதியாண்டில் முழங்கால் தசைநார் அறுந்துபோனது. விளையாட்டை மறந்துவிடலாம் என்றார் மருத்துவர். அவள் ஒலிம்பிக் போகிறவள், காலைச் சரிசெய்து கொடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். பகலில் பயிற்சியளித்து, மேற்படிப்பும் படித்து, மிச்ச நேரத்தில் காலைத் தேற்றி, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவியாக வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து நுழைந்ததே அந்த ஆண்டுதான். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் பயிற்சியளித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது.

தேசியப் பட்டம் சீக்கிரம் வந்துவிடவில்லை. 13ஆவது சீசனில், 1987இல்தான் முதல் பட்டம். அதற்கு முன், கடைசி நான்கு அணிகள் மோதும் இறுதிக் கட்டம் வரை போய்ப் போய்த் தோற்றிருக்கிறார். பிறகு 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. இவற்றில் 1997–98 அணியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். சமீக்கா ஹோல்ட்ஸ்க்ளா, டமீகா கேச்சிங்ஸ், செமீகா ராண்டல் என்று மூன்று பேர், 39 ஆட்டம், 39 வெற்றி. அந்தச் சீசனில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தோடு தங்கள் ஊரான நாக்ஸ்வில்லில் நடந்த ஆட்டத்துக்கு 24,597 பேர் வந்தார்கள். டோனட் விற்றுச் சீருடை வாங்கியவரின் அணியைப் பார்க்க வந்த கூட்டம் இது.

உங்கள் சக ஆசிரியருக்கு ஒரு கணக்கும் சொல்லலாம். 2005இல், தன் 880ஆவது வெற்றியில், ஆண்கள் கூடைப்பந்தின் டீன் ஸ்மித் வைத்திருந்த எண்ணிக்கையை அவர் தாண்டினார். 2012இல் ஓய்வு பெற்றபோது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில், ஆண்கள் அணி பெண்கள் அணி எல்லாம் சேர்த்து, அவர் அளவுக்கு வென்றவர் யாரும் இல்லை. பெண்கள் அணிப் பயிற்சியாளர்களில் அந்த எண்ணிக்கையை 2020இல் ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் கடந்தார். பெண்கள் ஆட்டத்தில் ஜெயிப்பது சுலபம் என்று அந்த சார் விடாமல் சொன்னால், எதிரணியும் பெண்கள் அணிதான் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள். அங்கேயும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு இந்தக் கணக்கில் அவ்வளவு அக்கறை இல்லை. ஆண்கள் ஆட்டத்தை அளவுகோலாக வைத்தால் எவ்வளவு ஜெயித்தாலும் பெண்கள் ஆட்டம் பாதி ஆட்டமாகத்தான் தெரியும். சம்மிட் அந்த அளவுகோலையே கையில் எடுக்கவில்லை. ஆண்கள் அணிக்குப் போயிருந்தால், பெண்கள் அணி என்பது கெட்டிக்காரர்கள் ஏறிக் கடந்து போகும் இடம் என்று தன் வாழ்க்கையாலேயே சாட்சி சொன்னதாக ஆகியிருக்கும். இருந்த இடத்திலேயே இருந்து, 2006இல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிய முதல் பயிற்சியாளர் ஆனார். பின்னால் வந்தவர்கள் அதைக் காட்டித் தங்கள் சம்பளத்தைக் கேட்க முடிந்தது. 1991 இறுதி ஆட்டத்தில் சம்மிட்டின் அணி 70–67 என்று கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வென்றது. தோற்ற அணியில் ஆடிய டான் ஸ்டேலி இன்று தென் கரோலினா அணியின் பயிற்சியாளர், மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர். 2021இல் அவருக்குப் போடப்பட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 2 கோடியே 24 லட்சம் டாலர்.

இதில் வருத்தமான பக்கமும் உண்டு. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தபோது, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் கவனமும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் அணி வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். ஆண்கள் அணிகளில் பெண்களுக்கு அதே அளவு கதவு திறக்கவில்லை. சம்மிட் ஓய்வு பெற்றதும் அவரிடம் ஆடி, 27 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஹோலி வார்லிக்கிடம் அணி போனதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன்.

இனி கண்டிப்பு. ஆமாம், பயங்கரமான கண்டிப்பு. அவர் பார்வையைப் பற்றிப் பேசாத மாணவி இல்லை. தொடக்க வருடங்களில், முந்தைய இரவு பார்ட்டிக்குப் போய்வந்த பெண்களை, மைதான ஓரத்தில் குப்பைத் தொட்டிகளை வைத்துவிட்டு வாந்தி எடுக்கும் வரை ஓட விட்டிருக்கிறார். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தவறாகத்தான் படுகிறது. 22, 23 வயதில் தன்னைவிட ஓரிரு வயதே இளையவர்களை மேய்க்க வேண்டிய ஒருத்தி, அதிகாரத்தை நிலைநாட்டத் தெரிந்த ஒரே வழியில் செய்தது அது. காலப்போக்கில் அவரும் தணிந்தார். அந்தப் பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாணவிகள் சிறுமிகள், வெயில் வேறு.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவருடைய மாணவிகள் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். போட்டிக்குப் போகும் வழியில் படிக்க வேண்டும். டென்னஸியில் தங்கள் ஆட்டக் காலத்தை முழுதாக முடித்த ஒவ்வொருவரும் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார்கள். 38 ஆண்டுகளில் ஒருவர்கூட விடுபடவில்லை. 1,098 வெற்றிகளோடு 208 தோல்விகளும் அவர் கணக்கில் உண்டு. இந்தப் படிப்புக் கணக்கில் தோல்வியே இல்லை. கண்டிப்பு மைதானத்துக்கு வெளியேயும் அந்தப் பெண்ணின் நன்மைக்காகவே நீள்கிறது என்று தெரிந்தால் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். ஜெயிப்பதற்காக மட்டும் கத்துகிறீர்கள் என்று தோன்றினால் வந்து நிற்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் உரிமையும்கூட.

மிஷெல் மார்சினியாக் என்ற மாணவியின் கதையைச் சொல்கிறேன். 1990 செப்டம்பரில் அவரை அணியில் சேர்க்கப் பேசுவதற்காக, நிறைமாதக் கர்ப்பிணியான சம்மிட் சிறு விமானத்தில் பென்சில்வேனியா போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலி கண்டுவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று விமானி கேட்டார். அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி டென்னஸியைத் தோற்கடித்து, சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் நடந்த இறுதிக் கட்டத்திலேயே ஆட விடாமல் செய்திருந்தது. அங்கே இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாக்ஸ்வில் வந்துதான் மகன் டைலரைப் பெற்றார். அதற்கு முன் ஆறு முறை கருச்சிதைவு ஆனவர் அவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் இது வெறும் துணிச்சல் கதையாகத் தெரியாது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

மார்சினியாக் முதலில் வேறு கல்லூரிக்குப் போய், பிறகு டென்னஸிக்கு மாறி வந்தார். ஆட்டத்தின் நடுவே சம்மிட் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேராகக் கண்ணை உருட்டிப் பேசும் புகைப்படம் அங்கே பிரசித்தம். 1996இல் பட்டம் வென்றபோது இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் அதே மார்சினியாக்தான். சட்டையைப் பிடித்ததால் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ வலியோடு தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவரை அறிந்த பெண், அந்தக் கோபத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் அறிந்திருந்தார். அந்த அறிமுகம் இல்லாத மாணவியிடம் அதே கோபம் வெறும் அவமானமாக முடியும்.

கடைசி வருடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்ஸைமர் வகை மறதி நோய் தொடங்கிவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்தார். ஒளித்திருக்கலாம், உடனே விலகியிருக்கலாம். இன்னும் ஒரு சீசன் பயிற்சியளித்தார். 27 வெற்றி, 9 தோல்வி. 2012 மார்ச்சில் பேலர் அணியிடம் தோற்றார்கள். நான்கு ஆண்டும் அவரிடம் ஆடி முடித்தவர்களில், ஒருமுறைகூட இறுதிக் கட்டத்தைப் பார்க்காமல் போன முதல் செட் அந்த ஆண்டு மாணவிகள். அவர்களும் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார்கள். அவர் 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் இறந்தார்.

ஸ்டாஃப் ரூமில் இவ்வளவையும் சொல்ல நேரம் இருக்காது. அந்த ஆறு பேர் ஆட்டத்தை மட்டும் சொல்லுங்கள். கரும்பலகையில் கோர்ட்டை வரைந்து, நடுக்கோட்டைக் காட்டி, இதைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது என்று உங்கள் மாணவிகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.