பிரான்சில் பிணை நிற்க ஆள் இல்லை. மகளுக்கு அறை கிடைக்குமா?

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார். அவருடைய மகளுக்குப் பிரான்சின் லியோன் நகரில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஓர் அறைக்கு, பிரான்சிலேயே சம்பளம் வாங்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அது முடியாதென்றால் இரண்டு மாத வாடகையை இப்போதே அனுப்பினால் அறையைப் பிடித்து வைப்பதாகவும் சொல்கிறார். மகளுக்கு விசா இன்னும் வரவில்லை. பணத்தை அனுப்பலாமா, பிணைக்கு யாரைக் கேட்பது என்பது அவருடைய கவலை.

பதில்: ஐயா, பணத்தை அனுப்பாதீர்கள். இரண்டு மாத வாடகை என்ற தொகையில் தவறில்லை. தட்டுமுட்டுச் சாமான்களோடு விடப்படும் அறைக்கு, பராமரிப்புச் செலவு நீங்கலாக, இரண்டு மாத வாடகை வரை முன்பணம் வாங்கப் பிரெஞ்சுச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்கும் நேரம்தான் தவறு. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுவதற்கு முன்னால், அறையைப் பிடித்து வைப்பதற்கு என்று சொல்லி வீட்டுக்காரர் பணம் கேட்பதற்கு அங்கே இடமில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், தான் வெளியூரில் இருப்பதாகவும், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்லி ஏமாற்றுபவர்களும் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். மொரிஷியஸில் உட்கார்ந்துகொண்டு இருவரையும் பிரித்தறிய உங்களுக்கு வழியில்லை.

இனிப் பிணையைப் பார்ப்போம். அங்கே 'கரான்' என்று சொல்லப்படும் பிணையாள், வாடகைதாரர் வாடகை கட்டத் தவறினால் தான் கட்டுவதாக எழுதிக் கொடுப்பவர். பிணையாள் பிரெஞ்சுக் குடிமகன் அல்ல என்பதையோ, பிரான்சின் பெருநிலத்தில் வசிக்கவில்லை என்பதையோ காரணம் காட்டி அவரை மறுக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அதன்படி நீங்களே பிணை நிற்கலாம். ஆனால் நடைமுறையில் இதைச் சொல்லி எந்த வீட்டுக்காரரையும் வழிக்குக் கொண்டுவர முடியாது. வாடகை நின்றுபோனால் போர்ட் லூயிஸ் வரை வந்து வழக்காட யாரும் விரும்ப மாட்டார்கள். காரணம் எதையும் சொல்லாமல் வேறொரு மாணவருக்கு அறையைக் கொடுத்துவிடுவார்கள். சட்டத்தைக் காட்டி வாதாடி நாட்களை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

உங்கள் மகளுக்குப் பொருந்தும் வழி 'விசால்'. நம் பிள்ளைகளில் ஒருவன் பெயர்போல ஒலிக்கும் இது, 'ஆக்சியோன் லோஜ்மான்' என்ற அமைப்பு இலவசமாகத் தரும் வாடகைப் பிணை. மாணவருக்கான நீண்டகால விசா வைத்திருக்கும் அயல்நாட்டு இளைஞர்களும் இணையத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே சான்றிதழைப் பெற்றுவிட வேண்டும். பின்னால் வாங்கினால் செல்லாது. எல்லா வீட்டுக்காரர்களும் இதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாதலால், ஒவ்வோர் அறைக்கும் எழுதும் முதல் செய்தியிலேயே விசால் ஏற்பீர்களா என்று மகள் கேட்டுவிடட்டும். இன்னொன்றையும் அவளிடம் சொல்லி வையுங்கள்: கட்டாத வாடகையை அந்த அமைப்பு வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவளிடமிருந்தே திரும்ப வசூலிக்கும். இது தானம் அல்ல, கடன்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விசா மனுவோடு தங்குமிடச் சான்று கேட்கிறார்கள். தங்குமிட ஒப்பந்தத்துக்கு விசால் வேண்டும். விசாலுக்கோ விசா வேண்டும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மூன்றையும் பிரிக்க வேண்டுமானால், முதல் சில வாரங்களுக்கான தற்காலிகத் தங்குமிடத்தை நிரந்தர அறையிலிருந்து வேறாக நினைக்க வேண்டும். பாரிஸ் பக்கம் உறவினர் இல்லாத மொரிஷியஸ் குடும்பம் குறைவு. அப்படி ஒரு சித்தப்பாவோ மாமியோ இருந்தால், தம் வீட்டில் தங்க வைப்பதாக ஒரு கடிதம் எழுதி, அடையாள அட்டையின் நகலையும் மின்சார ரசீதையும் இணைத்துத் தரச் சொல்லுங்கள். பாரிஸிலிருந்து லியோனுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். அங்கிருந்து வந்து அறைகளை நேரில் பார்க்கலாம். உறவினர் இல்லையென்றால் மாணவர் விடுதியில் குறுகிய காலத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வந்த அன்றே விசாலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்துக்குப் போகலாம். அரசு விடுதிகளை நடத்தும் 'க்ரூஸ்' அமைப்பில் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கே முன்னுரிமை. மிஞ்சும் அறைகள் ஜூலையில் மற்றவர்களுக்குத் திறக்கப்படும்போது அவள் முயன்று பார்க்கட்டும்.

விசா தாமதமானால், நமக்குத்தான் ஐரோப்பாவுக்குள் 90 நாட்கள் விசா இல்லாமல் போக முடியுமே, போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்ல யாராவது ஒருவர் வருவார். கேட்காதீர்கள். அந்தச் சலுகை சுற்றுலாவுக்கும் குறுகிய பயணத்துக்கும் உரியது; மாணவராகத் தங்குவதற்கு நீண்டகால விசாவை இங்கேயே பெற்றுக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

வாடகைத் தொகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். லியோனிலும் அதை ஒட்டிய வில்லர்பானிலும் 2021 நவம்பர் முதல் வாடகைக்கு மேல்வரம்பு உண்டு. அந்த வரம்புத் தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அறை 9 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அரசின் வீட்டு உதவித்தொகையைக் கணக்கில் சேர்க்காமலேயே மாதச் செலவைத் திட்டமிடுங்கள். விசாவுக்குக் காட்டச் சொல்லும் மாதம் 615 யூரோ என்பது குறைந்தபட்சக் கணக்கு. லியோனில் தனி அறை எடுத்தால் அதில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும்.

சாவி வாங்கும் நாளில் நான் செய்த தவறை உங்கள் மகள் செய்ய வேண்டாம். நான் லியோனுக்குப் படிக்கப் போனது செப்டம்பரில். வெயில் இதமாக இருந்தது. அறையின் நிலையைப் பதிவு செய்யும் தாளை வீட்டுக்காரர் நீட்டியதும், சுவர், கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். சன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்குவதற்காக இருந்த வெள்ளை ரேடியேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நம் மேட்டு நகரமான கியூர்பீப்பின் மூடுபனியையே குளிர் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு அது என்ன பொருள் என்றே மனத்தில் படவில்லை. நவம்பரில் திருகியபோது மேல்பாதி சற்றுச் சூடானது, கீழ்ப்பாதி பச்சைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது. நல்ல நிலையில் இருப்பதாகக் கையெழுத்திட்டாயே என்றார் வீட்டுக்காரர். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு கம்பளிக்குள் படித்தேன். அந்தத் தாளைப் பத்து நாட்களுக்குள் திருத்தச் சொல்லலாம் என்பதும், வெப்பமூட்டும் கருவிகளைப் பொறுத்தவரை குளிர்கால வெப்பமூட்டல் தொடங்கிய முதல் மாதம் முழுவதும் அந்த உரிமை நீடிக்கிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆகவே அவள் செப்டம்பரில் ரேடியேட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வெப்பம் வரத் தொடங்கியதும் சோதித்து, குறை இருந்தால் உடனே பதிவுத் தபாலில் எழுதட்டும். குளிருக்குப் பயந்து சன்னலை நாளெல்லாம் மூடிவைத்துச் சோறு வடித்து, துணியும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் பிப்ரவரிக்குள் மூலையில் கரும்பூஞ்சை படரும். முன்பணத்தில் கைவைக்க வீட்டுக்காரருக்கு அது போதும். தினமும் பத்து நிமிடமாவது திறந்து விடச் சொல்லுங்கள். சாவிக்கு முன்பே வீட்டுக் காப்பீட்டையும் எடுத்திருக்க வேண்டும்.

அறை முடிவானதும் மற்றவை அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வரும். வந்திறங்கிய மூன்று மாதங்களுக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். வங்கிக் கணக்குக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். மாணவர் மருத்துவக் காப்பீட்டில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். அதற்குப் பெற்றோர் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்று தேவை. அது ஆங்கிலத்தில் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மாற்றி வையுங்கள். பாட்டனார் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட நம் வீடுகளில், அந்தப் பெயர் பிறப்புச் சான்றில் ஓர் எழுத்திலும் பாஸ்போர்ட்டில் வேறோர் எழுத்திலும் இருப்பது சாதாரணம். அங்குள்ள எழுத்தர் அதை இரண்டு வேறு ஆட்களாகவே பார்ப்பார். அப்படி இருந்தால் விசா மனு கொடுப்பதற்கு முன்னால், இந்த வாரமே, குடிசார் பதிவு அலுவலகத்தில் திருத்திவிடுங்கள்.